மஞ்சள் பட்டியும் நீல விளக்கும்: பொதுப் போக்குவரத்தில் எமது பாதுகாப்பு வந்த வரலாறு

நிலக்கீழ் புகையிரதப் பெட்டியின் யன்னலுக்கு மேலே மஞ்சள் நிறத்தில் நீண்ட பட்டியொன்று இருப்பதை நாம் நாளாந்தம் காண்கின்றோம். மேடையின் முனையில் நீல நிற விளக்கொன்று எரிவதையும் காண்கின்றோம். எனினும் இவை எதற்காக வைக்கப்பட்டன, யார் கேட்டு வந்தன, எத்தகைய இழப்புகளின் பின்னர் எமது பயணம் பாதுகாப்புடையதாயிற்று என்பதை எம்மவருள் அறிந்தோர் சிலரே. அறிந்தோருள்ளும், தேவை ஏற்படும் வேளையில் துணிந்து இவற்றைப் பயன்படுத்துவோர் அதனினும் சிலர்.

இக்கட்டுரையை எழுதுபவனும் ஒரு காலத்தில் துணிவற்றோர் பக்கமே இருந்தவன். கனடாவுக்கு வந்த முதலாவது மாரி காலத்தில், இரவு வேலை முடிந்து திரும்பிக் கொண்டிருந்தபோது, எதிர் ஆசனத்தில் இருந்த முதியவர் ஒருவர் மெல்லச் சரிந்து நிலத்தில் விழுந்தார். என் தலைக்கு மேலே மஞ்சள் பட்டி இருந்தது. கையை உயர்த்தினால் எட்டும். ஆனால் கை உயரவில்லை. அழுத்தினால் பொலிஸ் வருமா, பத்திரங்களைக் கேட்பார்களா, அகதிக் கோரிக்கை விசாரணைக்கு முன்னர் என் பெயர் எங்காவது பதியப்பட்டுவிடுமா என்றெல்லாம் மனம் ஓடியது. பாடசாலைப் பை சுமந்த சிறுமியொருத்தி எழுந்து வந்து, ஆசனத்தில் ஏறி நின்று அதை அழுத்தினாள். அடுத்த நிலையத்தில் வண்டி நின்றது, உதவி வந்தது, என்னிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. அந்த இரவின் வெட்கம் இன்றும் ஆறவில்லை. அதன் காரணத்தைத் தேடியதன் விளைவே இவ்வரலாறு.

எமது அச்சத்தின் வேர்

புகையிரதம் எமக்குப் புதிய பொருளன்று. 1905 ஆம் ஆண்டில் வடபகுதிப் புகையிரதப் பாதை முழுமையடைந்து யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் இணைத்தது. 1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. கட்டுச்சோற்றுடன் ஏறி, யன்னலோரம் இடம் பிடித்து, அறிமுகமற்றோரையும் அண்ணை, அக்கா என்று அழைத்து ஊர்க்கதை பேசிச் சென்ற தலைமுறை இன்னும் எம்மிடையே உண்டு. மிதிபலகையில் தொங்கிச் செல்வதும், ஓடும் வண்டியில் ஏறி இறங்குவதும் அக்காலத்து இளைஞருக்கு வீரமாகவே தோன்றின.

ஆனால் அதே பாதையில் வேறொரு நினைவும் உண்டு. 1958 மே மாதக் கலவரத்தின்போது பொலநறுவைப் புகையிரத நிலையத்தில் வண்டிகளினுள் தமிழர் தேடப்பட்டுத் தாக்கப்பட்டனர். 1983 யூலையில் கொழும்பு வீதிகளில் வாகனங்கள் மறிக்கப்பட்டன; உள்ளிருப்போர் தமிழரா என்று சோதிக்கப்பட்டனர். அதன் பின்னர் பல ஆண்டுகளாகப் பேருந்துப் பயணம் என்பது சோதனைச் சாவடியில் இறங்கி, வரிசையில் நடந்து, அடையாள அட்டையைக் காட்டி, மீண்டும் ஏறுவதாகவே இருந்தது. 1990 இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரத சேவை நின்றது. 2014 ஒக்டோபரிலேயே அது யாழ் நகருக்குத் திரும்பியது.

இவ்வாறான பயணங்களில் நாம் கற்ற பாடம் ஒன்றே: தலையைக் குனிந்து இரு, பேசாதே, சீருடை அணிந்தவரின் கண்ணில் படாதே. அங்கே அந்தப் பாடம் உயிர் காத்தது. அதைப் பெட்டிக்குள் வைத்து இங்கேயும் கொண்டு வந்தோம். இங்கே அதுவே உயிருக்கு உலை வைக்கக்கூடும் என்பதை எவரும் எமக்குச் சொல்லவில்லை.

இயற்கையின் சீற்றத்தால் நேர்ந்த விபத்துகளும் எமது நினைவில் உண்டு. 1956 நவம்பர் 23 ஆம் திகதி தமிழ்நாட்டின் அரியலூரில், பெருவெள்ளத்தில் மருதையாற்றுப் பாலம் சிதைந்ததால் தூத்துக்குடி விரைவு வண்டி ஆற்றில் வீழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இந்திய ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி அதற்குப் பொறுப்பேற்றுப் பதவி துறந்தார். 1964 டிசம்பர் 22 ஆம் திகதி இரவு, தலைமன்னாரில் இருந்து கடல் கடந்து செல்வோர் இறங்கும் தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது, அங்கு சென்ற பயணிகள் வண்டியையும் கடல் கொண்டது. இவ்விரு நிகழ்வுகளிலும் பயணி செய்யக்கூடியது ஏதும் இருக்கவில்லை. அதனால் விபத்தென்றால் விதி என்று எண்ணும் பழக்கமும் எம்மிடம் ஊறியது. நாம் வந்து சேர்ந்த இந்நகரத்தின் வரலாறோ வேறு விதமானது.

றிச்மண்ட் ஹில்லின் தண்டவாளங்கள்

இன்று எம்மவர் பலர் வீடு வாங்கிக் குடியேறியுள்ள றிச்மண்ட் ஹில், ஒரு காலத்தில் ரொறன்ரோவுக்கு வடக்கே யங் வீதியை அண்டிய சிறு கிராமம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளிலேயே மின்சார வண்டி யங் வீதி வழியாக இங்கு வந்துவிட்டது. பின்னர் அப்பாதை வடக்கே சிம்கோ ஏரிப் பகுதிவரை நீண்டது. 1930 இல் நெடும்பாதை மூடப்பட்டபோது, நகரின் வடக்கெல்லையில் இருந்து றிச்மண்ட் ஹில் வரையிலான பகுதி மட்டும் மீண்டும் திறக்கப்பட்டு, 1948 வரை ரி.ரி.சி. நிறுவனத்தால் ஓட்டப்பட்டது. அதன் பின்னர் அவ்விடத்தைப் பேருந்துகள் பிடித்தன.

1954 மார்ச் 30 ஆம் திகதி, எக்லின்ரன் முதல் யூனியன் நிலையம் வரை கனடாவின் முதலாவது நிலக்கீழ் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. நாம் சப்வே என்று அழைப்பது இதனையே. 1974 இல் அது பின்ச் நிலையத்தை எட்டியது. 1978 இல் றிச்மண்ட் ஹில்லில் இருந்து யூனியன் நிலையத்துக்குக் கோ புகையிரதம் ஓடத் தொடங்கியது. 2001 இல் றிச்மண்ட் ஹில், மார்க்கம், வோன், நியூமார்க்கற் முதலிய நகரங்களின் பேருந்துச் சேவைகள் இணைந்து யோர்க் பிராந்தியப் போக்குவரத்துச் சேவையாயின; 2005 இல் வீவா பேருந்துகள் வந்தன. யங் வீதி சப்வேயை றிச்மண்ட் ஹில்வரை நீடிக்கும் வேலைகளும் ஆரம்பிக்கப்பட்டுள்ளன.

எனவே எமது நகரத்துக் குடும்பமொன்றின் நாளாந்த வாழ்வில் பேருந்து, கோ புகையிரதம், சப்வே ஆகிய மூன்றும் உண்டு. தந்தை இரவு வேலைக்குப் பேருந்திலும், மகள் பல்கலைக்கழகத்துக்குச் சப்வேயிலும், தாய் ஸ்காபரோவில் உள்ள சகோதரி வீட்டுக்கு மூன்று வண்டிகள் மாறியும் செல்லும் குடும்பங்கள் ஏராளம். இப்பயணங்களைக் காக்கும் ஏற்பாடுகளில் பல மூன்று நிகழ்வுகளின் பின்னர் வலுப்பெற்றவை. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

1975: தண்டவாளத்தில் அகப்பட்ட பேருந்து

1975 டிசம்பர் 12 ஆம் திகதி. ஸ்காபரோவில் சென் கிளெயர் வீதியும் கோ புகையிரதப் பாதையும் ஒரே மட்டத்தில் சந்தித்த கடவையில் ரி.ரி.சி. பேருந்தொன்று தண்டவாளத்தின்மீது அகப்பட்டு நின்றது. அதிலிருந்து பயணிகள் முழுமையாக வெளியேறுவதற்குள் கோ புகையிரதம் வந்து மோதியது. ஒன்பது பேர் உயிரிழந்தனர். இருபது பேர் காயமுற்றனர். இன்று அவ்விடத்தில் வீதியும் தண்டவாளமும் ஒரே மட்டத்தில் சந்திப்பதில்லை.

எனினும் கனடா முழுவதிலும் இத்தகைய கடவைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. றிச்மண்ட் ஹில்லிலும் வீடுகளுக்கு நடுவே தண்டவாளம் வீதியைக் குறுக்கறுக்கும் இடங்கள் உண்டு. 2013 செப்டெம்பர் 18 ஆம் திகதி ஒட்டாவா நகரில் இரட்டைத்தட்டுப் பேருந்தொன்று பயணிகள் புகையிரதத்துடன் மோதி ஆறு பேர் மாண்டதை நாம் மறக்கலாகாது. முழு வேகத்தில் செல்லும் நீண்ட சரக்கு வண்டியொன்று தடுப்பை இட்ட பின்னர் நிற்பதற்கு ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் தூரம் எடுக்கும். சாரதி கண்டாலும் நிறுத்த இயலாது என்பதே இதன் பொருள்.

ஆகவே மணி ஒலிக்கும்போதும் விளக்கு மின்னும்போதும் தடுப்புக் கம்பத்தைச் சுற்றி நடப்பது கூடாது. ஒரு வண்டி சென்று முடிந்ததும் மற்றத் தண்டவாளத்தில் இன்னொன்று வரக்கூடும். நீங்கள் செல்லும் வாகனம் கடவையில் நின்றுவிட்டால், பொருட்களை எடுக்கத் தாமதியாது உடனே இறங்கித் தண்டவாளத்தை விட்டு அகல வேண்டும். கடவையருகே உள்ள நீல நிற அறிவித்தலில் அவசர தொலைபேசி இலக்கமும் அந்தக் கடவையின் அடையாள இலக்கமும் எழுதப்பட்டிருக்கும். அழைத்து அவ்விலக்கத்தைச் சொன்னால், வரும் வண்டிகளை நிறுத்துவதற்கு அவர்கள் நடவடிக்கை எடுப்பார்கள்.

1991: பெண்கள் கேட்டுப் பெற்ற தரிப்பு

1982 இல் ரொறன்ரோவில் பெண்கள்மீது நிகழ்ந்த கொடிய வன்முறைகள் நகரத்தை உலுக்கின. அதையடுத்து அமைக்கப்பட்ட ஆய்வுக் குழுவின் வழியாக 1984 இல் மெட்ராக் என்னும் அமைப்பு தோன்றியது. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் எதிராகப் பொது இடங்களில் நிகழும் வன்முறையைத் தடுப்பதே அதன் நோக்கம்.

இதற்கிடையில் 1987 முதல் 1990 வரையான காலத்தில் ஸ்காபரோவில் இரவு வேளை பேருந்தில் இருந்து இறங்கி வீட்டுக்கு நடந்து சென்ற இளம் பெண்கள் ஒருவர்பின் ஒருவராகத் தாக்கப்பட்டனர். குற்றவாளி பல ஆண்டுகள் அகப்படவில்லை. எம்மவர் ஸ்காபரோவில் பெருந்தொகையாகக் குடியேறிக் கொண்டிருந்த காலம் அது. தொழிற்சாலைகளிலும் துப்புரவு வேலைகளிலும் இரவு பகலாக உழைத்த எமது சகோதரிகள் அதே பேருந்துகளில்தான் வந்தனர். அதே இருண்ட வீதிகளில்தான் நடந்தனர்.

1989 இல் மெட்ராக், ரி.ரி.சி., மாநகரப் பொலிஸ் ஆகிய மூன்றும் இணைந்து, போக்குவரத்தைப் பெண்களுக்குப் பாதுகாப்பானதாக ஆக்குவது எவ்வாறு என்று ஆராய்ந்தன. மெட்ராக் கையாண்ட முறை எளியது; ஆயினும் புதியது. நாளாந்தம் பயணம் செய்யும் பெண்களே இடங்களைச் சுற்றி நடந்து, எந்த மூலையில் வெளிச்சம் இல்லை, எந்தத் தூணின் பின்னால் ஒருவன் ஒளிந்திருக்கக்கூடும், கூப்பிட்டால் எவருக்குக் கேட்கும் என்பதைக் குறித்துக்கொண்டனர். பயணியின் அச்சமே ஆய்வுக்கு உரிய சான்றாக ஏற்கப்பட்டது. இம்முறை பின்னர் உலகின் பல நகரங்களுக்கும் பரவியது. இந்தியத் தலைநகர் டெல்லியில் ஜாகோரி என்னும் பெண்கள் அமைப்பும் இதனைப் பின்பற்றியது.

இம்முயற்சிகளின் பயனாகவே சப்வே மேடைகளில் வெளிச்சமும் கண்காணிப்புக் கமராவும் பேசும் கருவியும் உள்ள காத்திருக்கும் இடங்கள் ஏற்படுத்தப்பட்டன. 1991 இல் இன்னொரு ஏற்பாடும் வந்தது. இரவு 9 மணி முதல் காலை 5 மணி வரை தனியாகப் பயணம் செய்யும் பெண், இரு தரிப்பிடங்களுக்கு இடையில் தன் வீட்டுக்கு அண்மையான இடத்தில் இறக்கிவிடுமாறு ரி.ரி.சி. பேருந்துச் சாரதியைக் கேட்கலாம். 2011 இல் இவ்வுரிமை ஆண், பெண் என்ற வேறுபாடின்றி எல்லோருக்கும் விரிவாக்கப்பட்டது.

கேட்கும் முறை இதுவே: இறங்க வேண்டிய இடத்துக்கு ஒரு தரிப்பிடமாவது முன்னதாகச் சாரதியிடம் சொல்ல வேண்டும். பாதுகாப்பாக நிறுத்தக்கூடிய இடம் எதுவென்பதைச் சாரதி தீர்மானிப்பார். முன்கதவால் இறங்க வேண்டும். பின்கதவு திறக்கப்படாததால், எவரும் அதன் வழியாக உங்களைப் பின்தொடர்ந்து இறங்க முடியாது. யோர்க் பிராந்தியப் பேருந்துகளில் செல்வோரும் ஏறும்போதே சாரதியிடம் இதுபற்றிக் கேட்டறிந்துகொள்வது நல்லது.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்துவரும் இவ்வேற்பாட்டை எம்மவருள் எத்தனை தாய்மார் பயன்படுத்தியிருப்பர்? "ஆங்கிலம் சரியாகத் தெரியாது, சாரதி ஏசினால் என்ன செய்வது" என்று எண்ணி, பனி கொட்டும் நள்ளிரவில் தனியே நடந்தவர்களையே நாம் அதிகம் அறிவோம். இது சாரதி செய்யும் உபகாரமன்று. பெண்கள் கேட்டுப் பெற்ற உரிமை. எமது சகோதரிகள் அதைக் கூச்சமின்றிக் கேட்க வேண்டும்.

1995: றஸல் ஹில் சுரங்கம்

1995 ஓகஸ்ட் 11 ஆம் திகதி, வெள்ளிக்கிழமை மாலை 6 மணி கடந்து சில நிமிடங்கள். கடும் வெப்பமான நாள். சென் கிளெயர் மேற்கு நிலையத்துக்கும் டியூபொன்ட் நிலையத்துக்கும் இடையே, றஸல் ஹில் பகுதிச் சுரங்கத்தில் சப்வே வண்டியொன்று சைகைக்காகக் காத்து நின்றது. அதன் பின்னால் வந்த வண்டி நிற்காமல் வந்து மோதியது. மூன்று பெண்கள் உயிரிழந்தனர். முப்பது பேர் வரையில் வைத்தியசாலைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். நசுங்கிய பெட்டிகளுள் அகப்பட்டோரை மீட்கத் தீயணைப்புப் படையினரும் வைத்தியர்களும் வெப்பம் நிறைந்த சுரங்கத்தினுள் பல மணி நேரம் போராடினர். ரொறன்ரோ சப்வே வரலாற்றில் மிகக் கொடிய விபத்து இதுவே.

மோதிய வண்டியின் சாரதி பயிற்சி முடித்துச் சில நாள்களே ஆனவர். சுரங்கத்தில் சில சைகை விளக்குகள், வண்டி உரிய வேகத்தில் நெருங்கி வரும்போது சிவப்பில் இருந்து மாறும் வகையில் அமைக்கப்பட்டிருந்தன. அவர் சிவப்பு விளக்குகளைக் கடந்து சென்றார். மனிதர் தவறக்கூடும் என்பதை முன்னரே எண்ணித்தான் சப்வேயில் இரண்டாவது காவல் ஒன்றும் வைக்கப்பட்டிருந்தது. விளக்கு சிவப்பாக இருக்கும்போது தண்டவாளத்தின் அருகே சிறு நெம்புகோல் ஒன்று உயர்ந்து நிற்கும். அதை மீறிச் செல்லும் வண்டியின் அடிப்பாகத்தில் அது தட்டித் தடுப்பை இயக்கும். அன்று அந்த நெம்புகோலும் தன் கடமையைச் செய்யத் தவறியது. அதன் அமைப்பிலேயே குறை இருந்ததென விசாரணையில் தெரியவந்தது.

பழியை இளம் சாரதியொருவர்மீது மட்டும் சுமத்திவிட்டு விடயத்தை முடித்திருக்கலாம். அவ்வாறு நடக்கவில்லை என்பதே இந்நிகழ்வின் சிறப்பு. மரண விசாரணை அதிகாரியின் முன்னிலையில் பகிரங்க விசாரணை நடைபெற்றது. பயிற்சி, சைகை முறை, பராமரிப்பு, அவசர மீட்பு ஆகிய யாவும் ஆராயப்பட்டன. புதிய பாதைகளை அமைப்பதற்கு முன்னர் உள்ளவற்றை ஒழுங்காகப் பேண வேண்டும் என்ற கொள்கை, அப்போது பொது முகாமையாளராக இருந்த டேவிட் கன் அவர்களின் காலத்தில் முதலிடம் பெற்றது. சாரதிப் பயிற்சி விரிவாக்கப்பட்டது. குறையுள்ள கருவிகள் அகற்றப்பட்டன. காலம் செல்ல, வண்டிகளின் வேகத்தையும் இடைவெளியையும் கணினி கட்டுப்படுத்தும் தன்னியக்க முறை வந்தது. 2022 செப்டெம்பரில் அது யங் வீதிப் பாதை உட்பட முதலாவது பாதை முழுவதிலும் நிறைவுபெற்றது. றஸல் ஹில் சுரங்கமும் அதே பாதையில்தான் உள்ளது. பின்ச் நிலையத்தில் ஏறும் எமது பிள்ளைகள் இன்று அந்த மூவரின் மரணத்தால் விளைந்த பாதுகாப்பினுள்ளேயே பயணம் செய்கின்றனர்.

இன்றைய ஆபத்துகள்

இயந்திரங்கள் திருந்தினாலும் ஆபத்து முற்றாக நீங்கிவிடவில்லை. 2022 ஏப்ரலில் புளோர்-யங் நிலையத்தில் பெண்ணொருவர் தண்டவாளத்தில் தள்ளப்பட்டார். வண்டி வருமுன் மேடையின் விளிம்புக்குக் கீழே ஒதுங்கிக்கொண்டதால் உயிர் தப்பினார். 2023 மார்ச்சில் கீல் நிலையத்தில் பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டான். இச்செய்திகளைக் கேட்ட எமது முதியோர் பலர் சப்வேயில் ஏறவே அஞ்சினர். நாள்தோறும் இலட்சக்கணக்கானோர் எவ்விதத் தீங்குமின்றி வீடு சேர்கின்றனர் என்பதையும் அவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டும். வெளியே செல்வதை நிறுத்துவது பாதுகாப்பாகாது. எதை, எப்போது, எவ்வாறு செய்வது என்று அறிந்து செல்வதே பாதுகாப்பு.

குடும்பத்தினர் யாவரும் கூடியிருந்து படித்துக்கொள்ளும் பொருட்டுச் சிலவற்றை இங்கே தொகுத்துத் தருகின்றோம்.

1. மேடையில் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால், சுவரோரமாக நில்லுங்கள். இரவில் காத்திருக்கும் இடமாகக் குறிக்கப்பட்ட பகுதியில் நில்லுங்கள். சிறுவரின் கையைப் பற்றியிருங்கள்.

2. கைத்தொலைபேசியோ பணப்பையோ தண்டவாளத்தில் விழுந்தால் இறங்காதீர்கள். அருகே உள்ள மின் தண்டவாளத்தில் 600 வோல்ட் மின்சாரம் பாய்கின்றது. நிலைய ஊழியரிடம் சொன்னால் எடுத்துத் தருவார்கள்.

3. ஒருவர் தண்டவாளத்தில் விழுந்துவிட்டால், மேடையின் முனையில் நீல விளக்கின் கீழுள்ள கருவியால் மின்சாரத்தைத் துண்டிக்கலாம். அங்கேயே தொலைபேசியும் உண்டு. மின்சாரம் துண்டிக்கப்பட்டாலும் வேகமாக வரும் வண்டி உடனே நிற்காது. ஆகவே நீங்கள் கீழே குதிக்காதீர்கள்.

4. பெட்டியினுள் ஒருவர் மயங்கினாலோ, எவரேனும் துன்புறுத்தினாலோ மஞ்சள் பட்டியை அழுத்துங்கள். வண்டி அடுத்த நிலையத்தில் நிற்கும். உதவி அங்கே வரும். வீணாக விளையாட்டுக்கு அழுத்துவதே குற்றம். உதவி வேண்டி அழுத்துவது குற்றமன்று.

5. பேருந்து புறப்படும்போதும் நிற்கும்போதும் கம்பியைப் பிடித்திருங்கள். மாரியில் சப்பாத்தில் ஒட்டிய பனி உருகித் தளத்தை வழுக்கச் செய்யும். இறங்கியதும் பேருந்தின் முன்னால் வீதியைக் கடக்காதீர்கள். அது சென்ற பின்னர் இருபுறமும் பார்த்துக் கடவுங்கள்.

6. வீதியின் நடுவே நிற்கும் மின்சார வண்டியின் கதவு திறந்திருக்கும்போது, பின்னால் வரும் கார்கள் இரண்டு மீற்றர் தள்ளி நிற்க வேண்டும் என்பது ஒன்ராறியோவின் சட்டம். எனினும் படியில் இறங்குமுன் வலப்புறம் பார்த்தே இறங்குங்கள்.

7. உயிராபத்தான வேளையில் 911 ஐ அழையுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் "ரமில்" என்ற சொல்லை மட்டும் சொல்லிக் காத்திருங்கள். மொழிபெயர்ப்பாளர் இணைக்கப்படுவார்.

முடிவாகச் சில வார்த்தைகள்

தாயகத்தில் சீருடையும் பயணமும் ஒன்றுசேர்ந்த இடத்தில் நாம் மௌனம் பழகினோம். இந்நாட்டிலோ, பயணிகள் வாய் திறந்து கேட்டதாலும், இறந்தோர் பொருட்டுப் பகிரங்கமாகக் கேள்வி எழுப்பப்பட்டதாலுமே பாதுகாப்பு வளர்ந்தது. இங்கும் எல்லாச் சீருடையாளரும் எல்லோரையும் சமமாக நடத்துவதில்லை என்பது உண்மை. ஏளனமாகப் பேசும் சாரதியும் உண்டு. எமது நிறத்தைக் கண்டு முகம் சுழிப்பவரும் உண்டு. அத்தகைய வேளையில் வண்டியின் இலக்கத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு முறையிடுவதும் நாம் பழக வேண்டிய ஒன்றே. ஆனால் ஒரு சிலரின் நடத்தைக்கு அஞ்சி, உயிர் காக்கும் கருவியைத் தொடாமல் இருப்பது எமக்கே தீங்காகும்.

வாசகர்களிடம் ஒன்றை வேண்டி நிற்கின்றோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவையோ, அண்மையில் வந்து சேர்ந்த உறவினரையோ பின்ச் நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். காத்திருக்கும் இடத்தைக் காட்டுங்கள். நீல விளக்கின் கீழே நிறுத்திக் கருவியைக் காட்டுங்கள். வண்டியில் ஏறியதும் மஞ்சள் பட்டி எங்கே இருக்கிறதென்று அவர்கள் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். இதற்கு அரை மணி நேரம் போதும். ஒரு மாரி இரவில், எதிரே ஒரு முதியவர் சரிந்து விழும் வேளையில், எழுந்து வந்து அழுத்துவதற்கு அந்தச் சிறுமியை மட்டும் நாம் எதிர்பார்த்திருக்கலாகாது.